கொட்டகையில் பூனை, வயலில் கயோட்டி

நரி இனத்துக் காட்டு விலங்கான கயோட்டி பூனையைத் தின்னுமா என்று கேட்டால், தின்னும் என்றுதான் சொல்வேன். மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அதோடு பதில் முடிந்துவிட்டதென்று நினைக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

நான் வேலை செய்து ஓய்வுபெற்ற விலங்குக் காப்பகத்தில் இப்போது கட்டாக்காலிப் பூனைகளைப் பிடித்து, இனிக் குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிறார்கள். நல்ல காரியம். "விட்ட பூனையைக் கயோட்டி பிடிக்குது எண்டு சனம் எங்களோடை சண்டைக்கு வருகுது. உங்கட காலத்திலை என்ன செய்தனீங்கள்?" என்று அங்கிருந்து ஒரு பிள்ளை அண்மையில் தொலைபேசியில் கேட்டாள். எங்கள் காலத்தில் இந்தத் திட்டம் எதுவும் இருக்கவில்லை. எங்களுக்கு டொறத்தி இருந்தார். அதைச் சொன்னால் அவளுக்கு விளங்காது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

மன்னாரிலிருந்து நான் ரொறன்ரோ வந்தது எண்பத்து நான்கில். அடுத்த ஆண்டு ஸ்காபுறோவில் அந்தக் காப்பகத்தில் கூடு கழுவும் வேலை கிடைத்தது. நாய்க் கூடு, பூனைக் கூடு, முயல் கூடு. இறப்பர் சப்பாத்தும் நீளக் குழாயும் குளோரின் மணமுமாக ஓராண்டு போயிற்று. மாதா கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு "கவுண்மேந்து வேலை" என்று சொல்லிவிடுவார். அந்த ஓராண்டைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

வெளியே போய் முறைப்பாடுகளைக் கவனிக்கும் அலுவலர்களுக்குத் தலைவி டொறத்தி. ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, பண்ணையில் பிறந்து வளர்ந்த பெண். ஒருநாள், பயந்து சீறிக்கொண்டிருந்த ஒரு தாய்ப்பூனையைக் கூட்டோடு வைத்தியரின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டொறத்தி என்னை நிறுத்தி, "கூட்டை ஏன் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறாய்? மேலே கைப்பிடி இருக்கிறதே?" என்று கேட்டார்.

"கைப்பிடியில் தூக்கினால் ஆடுகிறது. ஆடினால் அது இன்னும் பயப்படும்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். பிறகு ஓர் அலுவலர் வேலையை விட்டுப் போனபோது, டொறத்தி அந்த இடத்துக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார். சாரதிப் பத்திரம் எடுக்க வைத்தவரும் அவரே. அவருடைய வான் வண்டியில் பக்கத்து இருக்கை எனக்கானது.

டொறத்தி யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஒன்றைச் சரியாகச் செய்தால், "அடுத்த முறை நீ தனியே செய்" என்பார். அதுதான் பரிசு. முறைப்பாடு வந்த வீட்டுக்கு நேரே போய் வானை நிறுத்தமாட்டார். தள்ளி நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கண்ணாடியை இறக்கி, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றுவார். அதைக் குடித்து முடிக்கும்வரை இறங்கக் கூடாது. தொடக்கத்தில் நான் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு பரபரப்பேன். "ரெஜினா, அவசரம் உனக்கா, பூனைக்கா?" என்பார்.

பிறகு வீட்டுக்காரரிடம் மூன்றே கேள்வி. கண்ணால் கண்டது என்ன? மற்றவர்கள் சொல்லக் கேட்டது என்ன? இங்கே அதற்குச் சாப்பாடு என்ன? மூன்றாவதற்குத்தான் ஆட்கள் கோபிப்பார்கள். "நான் சாப்பாடு வைக்கவில்லை!" என்று குரலை உயர்த்துவார்கள். டொறத்தி அமைதியாகக் குப்பைவாளியின் மூடியையும், அப்பிள் மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழங்களையும், குருவிக்குத் தொங்கவிட்ட தானியப் பையையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பூனை பிடிக்கும் கூட்டை வைக்கும் முறையையும் அவரிடமே பழகினேன். அடியில் பத்திரிகை விரித்து, உள்ளே கடைசியில் கொஞ்சம் மத்தி மீன், மேலே பழைய படுக்கை விரிப்பு. காலையில் வைத்தால் பொழுது சாய முன்னர் எடுத்துவிட வேண்டும். பூனை அகப்படாவிட்டாலும் எடுக்க வேண்டும். "வெளியே நிற்கும் பூனைக்கு மரம் இருக்கிறது, கூரை இருக்கிறது. கூட்டுக்குள் நிற்கும் பூனைக்கு நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம்" என்பார்.

ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே அப்போது வயல்கள். அங்கே கோர்டன் என்ற முதியவரின் பண்ணை இருந்தது. மனைவியை இழந்தவர், சில மாடுகள், கோழிகள், ஒரு சிறிய அப்பிள் தோட்டம். அவருடைய பெரிய மரக் கொட்டகையில் பூனைகள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன. எவரும் தொட முடியாத பூனைகள். வயலுக்கு அப்பால் ஓடைக்கரையில் ஒரு சோடிக் கயோட்டி. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது, வைக்கோல் நிறம்.

அங்கே முதன்முதலாகப் போன அன்று வானுக்குள் தேநீரோடு இருந்து பார்த்ததை மறக்க முடியாது. அறுவடை முடிந்த வயலில் ஒரு கயோட்டி நின்றது. காதை முன்னே மடித்து, தலையைச் சரித்து, எதையோ கேட்டுக்கொண்டே நின்றது. பிறகு நாலு காலும் நிலத்தை விட்டு எழும்ப ஒரு குதி. வாயில் வயல் எலி. கொட்டகையின் பரணில், வைக்கோல் இழுக்கும் துவாரத்தில், ஒரு சாம்பல் பூனை முன்காலை மடித்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பயந்த மாதிரியும் இல்லை, இறங்கி வருகிற மாதிரியும் இல்லை.

"அது பூனையைப் பிடிக்காதா?" என்று இறங்கிப் போனதும் கோர்டனிடம் கேட்டேன்.

"கையில் கிடைத்தால் பிடிக்கும்" என்றார் அவர். "ஆனால் அவளுக்கு வயலில் வேலை இல்லை. அவளுடைய எலி கொட்டகைக்குள்ளே இருக்கிறது. அவனுடைய எலி வயலில். காலையில் பால் கறந்தபின் ஒரு தட்டில் ஊற்றுவேன், குடித்ததும் தட்டை எடுத்துவிடுவேன். பொழுதுபட்டபின் இங்கே அவனுக்கு எடுக்க எதுவும் இல்லை. பனிக்காலத்தில் என் அப்பிள் கன்றுகளின் பட்டையை எலி கடிக்காமல் காப்பவன் அவன். நான் ஏன் அவனைச் சுட வேண்டும்?"

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நேசிக்கவில்லை. எல்லை தெரிந்து வாழ்ந்தன. அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்த எல்லை குலைந்தது, வீதிக்கு இந்தப் பக்கம் மில்லிக்கனில் புது வீடுகள் எழும்பிய பிறகு. ஓர் இலையுதிர்காலத்தில் முறைப்பாடுகள் தொடங்கின. வீட்டு வேலி ஓரத்தில் கயோட்டி நிற்கிறது, பகலிலேயே நிற்கிறது என்றார்கள். லின்டா என்ற பெண்ணின் வளர்ப்புப் பூனை, செம்மஞ்சள் நிறம், ஒரு மாலை வெளியே போனது திரும்பவில்லை. வேலிக்கு வெளியே கொஞ்சம் மயிரும் அறுந்த கழுத்துப்பட்டியும் மட்டும் கிடைத்தன. கழுத்துப்பட்டியை அவர் கையில் பொத்தி வைத்திருந்தார். "உங்களால் முடியாவிட்டால் நாங்கள் ஆள் பிடித்துக்கொள்கிறோம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆள் பிடித்துத்தான் விட்டார்கள். பொறி வைக்கும் ஒருவர் வந்து, வெறுமையாகக் கிடந்த பக்கத்துக் காணியில், வேலி ஓரமாக இரும்புப் பொறிகளைப் புதைத்தார். முதலில் அகப்பட்டது கயோட்டி அல்ல. கோர்டனின் சாம்பல் பூனை.

செய்தி கேட்டு ஓடினோம். அன்றுகூட டொறத்தி வானைத் தள்ளித்தான் நிறுத்தினார். தேநீர் மட்டும் ஊற்றவில்லை. பூனை தன்னைச் சுற்றிய புல்லையெல்லாம் பிறாண்டி மண்ணாக்கியிருந்தது. டொறத்தி தடித்த போர்வையோடு, பக்கவாட்டாக, அதன் கண்ணைப் பாராமல் நெருங்கி, குந்தி, ஒரே வீச்சில் போர்வையால் மூடி முழங்கையால் தோளை அமத்தினார். "இப்போது நீ. பொறியின் இரண்டு பக்க வில்லையும் இரண்டு காலால், ஒரே நேரத்தில், மெதுவாக மிதி." நான் ஏறி நின்றேன். இரும்பு வாய் திறந்தது. கால் நசுங்கியிருந்தது, வைத்தியர் இரண்டு விரல்களை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. காயம் ஆறிய பின்னர் கோர்டன் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். பிறகும் பல காலம் அது உயிரோடு இருந்தது.

பூனையை வைத்தியரிடம் சேர்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் வந்தபோது டொறத்தி, "கொட்டகைப் பூனை இவ்வளவு தூரம் ஏன் வந்தது?" என்றார். அது என்னைக் கேட்ட கேள்வி அல்ல. வானை நிறுத்தி வேலி ஓரமாக நடந்தோம். ஓரிடத்தில் கயோட்டியின் எச்சம் கிடந்தது. குச்சியால் பிரித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த வயலில் நான் கண்டதெல்லாம் எலி மயிர், முயல் எலும்பு, அப்பிள் விதை. அன்றைக்கு உள்ளே மீன் முள் இருந்தது.

"இந்த ஓடையில் இத்தனை பெரிய மீன் இல்லையே" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். முள்ளோடு சின்னஞ்சிறிய, தட்டையான, மஞ்சள் விதைகள். எனக்கு விளங்கிவிட்டது.

"டொறத்தி, இது மிளகாய் விதை. மீன்குழம்பு."

அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்து ஒரேயொரு தமிழர்தான். யோகராசா. மட்டக்களப்புக்காரர். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார். பிற்பகலில் ஃபக்டரிக்குப் போவார். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். அவரைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது எனக்கு. அதை டொறத்தியிடம் சொன்னேன். "நான் பெயர் கேட்டு வரவில்லை. தட்டைத் தேடி வருகிறேன்" என்றார்.

மறுநாள் காலை போனோம். கதவைத் திறந்த யோகராசா எங்கள் சீருடையைக் கண்டதும் வெளிறிப்போனார்.

"அக்கா, என்ட பேப்பர் எல்லாம் சரியாக் குடுத்திட்டனே."

"பேப்பருக்கு வரேல்லைத் தம்பி. பூனைக்கு வந்தனாங்கள்."

அவருக்கு நம்பிக்கை வரச் சற்று நேரமாயிற்று. பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டார். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் பிள்ளைகளின் படம். டொறத்தி கட்டில் நுனியில் இருந்து தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவர் வைக்கும் சாப்பாடுதான் பூனைகளைக் கொல்கிறது என்று சொல்" என்றார்.

அதை அப்படியே தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு வைத்த மனிதரிடம் அப்படிச் சொல்வது எப்படி? யோசித்துவிட்டுச் சொன்னேன்:

"தம்பி, நீங்கள் வைக்கிற சோத்துக்கு ரெண்டு பேர் வருகினம். முதல்லை பூனை வருது. பூனைக்குப் பின்னால நரி வருது."

"ஆர் சொன்னது?"

"நரியின்ரை எச்சத்திலை மிளகாய் விதை கிடந்தது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழுவித்தானே அக்கா வைக்கிறன்! உறைப்பெண்டா பூனை தின்னாதே. வேலைக்குப் போகக்குள்ள வேலியடியில வைச்சிட்டுப் போவன். வந்து பாத்தா தட்டு வெறுமையா இருக்கும். எனக்கு அது ஒரு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். முகம் மாறியது. "அப்ப அந்தச் செம்பட்டைப் பூனை? கழுத்தில சிவப்புப் பட்டி கட்டினது? கொஞ்ச நாளாக் காணல்ல."

அது லின்டாவின் பூனை, வேலிக்கு வெளியே அறுந்த பட்டிதான் கிடைத்தது என்று சொன்னேன். என்ன கேட்டார் என்று டொறத்தி கேட்க, சொன்னேன். டொறத்தி கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கள் வேலை தட்டு நின்றால் முடிந்தது. யார் வைத்தார் என்று நான் எவருக்கும் சொல்லப்போவதில்லை என்று சொல்" என்றார்.

யோகராசா தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த வீட்டு அம்மாவுக்கு நான் சொல்லணும் அக்கா."

"தம்பி, யோசிச்சுச் செய்யுங்கோ. வீட்டுக்காரன் எழும்பச் சொன்னால் எங்க போவீங்கள்? வழக்கும் முடியேல்ல."

"என்ட பிள்ளைகளுக்கு அங்க ஆரோ ஒருத்தர்தான் சோறு போடுறாங்க. அதுகளுக்கு ஒண்டு நடந்தா, ஒருத்தர் வந்து என்ட முகத்தைப் பாத்துச் சொல்லணும் எண்டுதானே நான் நினைப்பன்?"

நான் அதை மொழிபெயர்த்தேன். டொறத்தி எழுந்து கோட்டின் பொத்தானைப் பூட்டினார். "வாருங்கள், போவோம்" என்றார்.

லின்டாவின் வாசலில் யோகராசா தன் ஆங்கிலத்தில் தானே தொடங்கினார். "ஐ கிவ் ஃபூட். யுவர் கேற் கம். கயோட்டி கம். ஐ டோன்ற் நோ. சொறி." அதற்குமேல் சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தார். மிச்சத்தை நான் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன். லின்டா கதவைப் பிடித்தபடி நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் இவரிடம் பயப்படாமல் சாப்பிட்டானா?"

"வேலைக்குப் போகக்குள்ள முதல் வாயை இதில வைச்சுத்தான் குடுப்பன்" என்று யோகராசா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

லின்டா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். வீட்டுக்காரனிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பொறிகளையும் எடுக்கச் சொல்லவில்லை. முதல் பனி விழுந்தால் தடம் தெரியும், அப்போது மிச்சத்தைப் பார்ப்பேன் என்று பொறிக்காரர் சொல்லியிருந்தார்.

எங்களுக்கு இருந்தது அந்த இடைவெளிதான். பூனைகளுக்குத் தெருச் சோறு பழகிவிட்டது; திடீரென நிறுத்தினால் இன்னும் அலையும். எனவே சாப்பாட்டைக் கொட்டகைக்குள் கொண்டுபோவது என்று டொறத்தி முடிவு செய்தார். காலையில் வேலையில்லாத யோகராசா வீதியைக் கடந்து கோர்டனிடம் போகத் தொடங்கினார். உறைப்பில்லாமல் அவித்த மீனும் சோறும் கொட்டகைக்குள் வைத்து, பூனைகள் தின்று முடிந்ததும் தட்டை எடுத்துவிடுவார். கொட்டகைக்கும் கோழிக்கூட்டுக்கும் இடையே வெறுந்தரை. அங்கேதான் பூனை அகப்படும் என்று கோர்டன் காட்டினார். கயோட்டி துரத்தினால் பூனை ஏறித் தப்பட்டும் என்று அந்த வெளியில் பழைய வேலிக் கம்பங்களை நட்டோம், ஆள் உயரத்துக்கு மேலாக. பூனையின் நகம் பிடிக்கச் சாக்குச் சுற்றி, உச்சியில் உட்காரப் பலகை ஒன்று. கோர்டனுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. யோகராசாவுக்கு ஆங்கிலம் அவ்வளவுதான். கம்பம் சரிந்து நின்றால் ஒருவர் "ம்ஹூம்" என்பார், நிமிர்ந்தால் மற்றவர் "ம்" என்பார். அந்த வேலை அப்படியே முடிந்தது.

இதெல்லாம் நடந்து முடிந்து காலமாகிவிட்டது. அடுத்த ஆண்டு யோகராசாவின் குடும்பம் வந்து சேர்ந்தது. எண்பதுகள் முடியும் தறுவாயில் கோர்டன் காணியை விற்றார். கொட்டகையைப் பிரிக்கும் முன்னர் டொறத்தியும் நானும் பூனைகள் எல்லாவற்றையும் கூட்டில் பிடித்து, வடக்கே எலித்தொல்லை உள்ள பண்ணைகளில் விட்டோம். அதில் பாதியை டொறத்தி என்னைத் தனியே செய்ய விட்டார். பிறகு அவர் ஓய்வுபெற்றார், சில ஆண்டுகளின் பின் காலமானார். இந்த நாட்டில் எனக்கு ஒரு தொழிலையும், என் தொழிலைத் தலைநிமிர்ந்து சொல்லும் வாயையும் தந்தவர். என் கணவர்கூடப் பிற்காலத்தில் "அவ பூனை நாயள் பாக்கிற ஒஃபிசர்" என்று கோயிலில் பெருமையாகச் சொன்னார். கோர்டனுக்கும் யோகராசாவுக்கும் நான் பட்ட கடனும் சிறிதல்ல. அவர்களையெல்லாம் நினைத்தால் முதலில் வருவது அந்த ஆண்டின் முதல் பனி விழுந்த காலைதான்.

நாங்கள் போனபோது யோகராசாவும் கோர்டனும் வெளியே நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனியில் எல்லாம் எழுதி வைத்தது போலிருந்தது. கொட்டகை வாசலிலிருந்து ஒரு பூனையின் தடம் கோழிக்கூட்டுப் பக்கம் போனது. பாதி வழியில் தடங்கள் தூரம் தூரமாகி, ஓட்டமாகி, ஒரு கம்பத்தடியில் முடிந்தன. சாக்கில் நகக்கீறல். வயல் பக்கத்திலிருந்து வந்த கயோட்டியின் தடம் அந்தக் கம்பத்தை ஒருமுறை சுற்றியிருந்தது. பிறகு நேரே ஒரு கோடாக வயலுக்கே திரும்பிப் போய், அங்கே சிறு சிறு குழிகள். எலி தோண்டித் தின்றிருக்கிறது. வீடுகள் இருந்த பக்கம் ஒரு தடமும் இல்லை. கம்பத்தடியில் மீண்டும் பூனையின் தடம் தொடங்கி, இந்த முறை ஆறுதலாக, கோழிக்கூட்டுக்குப் போயிருந்தது.

"வந்திருக்கு. போயிருக்கு. இவவும் தன்ட பாட்டில போயிருக்கா" என்றார் யோகராசா.

அப்போதுதான் லின்டா வீதியைக் கடந்து வருவதைக் கண்டோம். கையில் ஒரு கடதாசிப் பை. வந்ததும் தடங்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்து பார்த்தார். கம்பத்துச் சாக்கிலிருந்த நகக்கீறலைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து டொறத்தியிடம், பொறிகளை எடுக்கும்படி வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு பையை யோகராசாவிடம் நீட்டினார். உள்ளே, அவருடைய பூனைக்கென்று வாங்கி மிஞ்சிய சாப்பாட்டு டின்கள். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

யோகராசா என்னைப் பார்த்தார். "என்னவாம் அக்கா?"

"நாளைக்குக் காலமை நீங்கள் வைக்கேக்கை, தானும் வரட்டோ எண்டு கேக்கிறா."

அவர் பதிலை என்னிடம் தரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு லின்டாவிடமே திரும்பி, "கம். கம்" என்றார். "எவ்ரி டே கம்."